எம்புட்டுக் குடுக்காக

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. அவளுக்கும் அதில் வருத்தம் இருக்காது. புதிதாக யாரைப் பார்த்தாலும் அவள் பேரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கி நான் பார்த்ததில்லை. "நான் நர்சு. எனக்கு மாசம் நூத்திப் பத்து ரூவா குடுக்காக. உங்களுக்கு எம்புட்டுக் குடுக்காக?" இதுதான் முதல் பேச்சு. கேட்கப்பட்டவர் பஸ் கண்டக்டராக இருக்கலாம், பள்ளிக்கூட டீச்சராக இருக்கலாம், தறி ஓட்டுகிறவராக இருக்கலாம். சிலர் சிரிப்பார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பதில் வராவிட்டால் அவள் கோபப்பட மாட்டாள். தன்னுடையதைச் சொல்லியாகிவிட்டது என்கிற மாதிரி பேசாமல் இருந்துகொள்வாள்.

நான் அவளை முதலில் பார்த்தது ஒரு டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில். எழுபதுகளின் கடைசி அது. நான் குருவிகுளத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்துக்காரி. திருநெல்வேலியில் நர்ஸ் படிப்பை முடித்து, சர்க்கார் வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு வந்திருந்தேன். அந்த வேலை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னால் பதிந்தவர்கள் எல்லாருக்கும் வந்த பிறகுதான் நமக்கு. அதுவரைக்கும் சங்கரன்கோவிலில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரி என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். மாடியில் டாக்டர் குடும்பம் இருக்கும். கீழே நாலைந்து அறை, சில கட்டில்கள், ஒரு பிரசவ மேஜை. நர்சுக்கு இவ்வளவு சம்பளம் என்று எங்கேயும் ஒரு கணக்குக் கிடையாது. வந்து நிற்கிறவளின் முகத்தையும் செருப்பையும் பார்த்து வாயில் வருவதுதான்.

அன்றைக்கு அந்த பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். சம்பளம் பேசுவது டாக்டர் இல்லை, டாக்டரின் வீட்டம்மா. முதலில் அவளைக் கூப்பிட்டார்கள், பிறகு என்னை. அந்த அம்மா என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் பேசியிருக்கிறார்களா என்று கேட்டார். "தொண்ணூறு ரூபாய் தரோம். யோசிச்சுச் சொல்லு. எவ்வளவுன்னு வெளியில பேசிக்கிட்டு இருக்காத" என்றார். யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். எங்கள் வீட்டில் தம்பிகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள், மழை இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்தது.

வெளியே அவள் இன்னும் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். கறுப்பு, நல்ல உயரம், கண்ணுக்குக் கீழே அப்போதே கருவளையம்.

"எம்புட்டுச் சொன்னாக?"

வெளியில் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு நூத்தி இருவது சொன்னாக. வேலை ஒண்ணுதானே இருக்கு. ஒனக்கு எம்புட்டு?"

நூற்று இருபது என்று கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "தொண்ணூறு."

அவள் எழுந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே போனாள். குரலை உயர்த்தவில்லை, சண்டைக்குப் போகிற தோரணையும் இல்லை. மருந்துக் கடையில் மருந்து கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "அம்மா, ஒரே வேலைக்கு எனக்கு நூத்தி இருவதும் இந்தப் பிள்ளைக்குத் தொண்ணூறும் சொல்லியிருக்கீக. ரெண்டு பேரும் ஒரே படிப்புத்தான் படிச்சிருக்கோம். எதுனால முப்பது ரூவா குறையுதுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருமே வேண்டாம், போங்க" என்றார்.

தெருவுக்கு வந்தோம். உச்சி வெயில். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருந்தது, இப்போது இல்லை. அவளை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட வேண்டும் போலத்தான் இருந்தது. "நீ ஏம்மா என்னையும் இழுத்துக்கிட்டுப் போன?" என்று கேட்டேன்.

"நீ தொண்ணூறுக்குச் சேந்திருந்தா என்னை வேண்டாம்னுருப்பாக. நான் நூத்தி இருவதுக்குச் சேந்திருந்தா உன்னை வேண்டாம்னுருப்பாக. இப்ப ரெண்டு பேருக்கும் இல்ல" என்றாள். பிறகு, "எனக்கும் இந்த வேலை தேவைதான். கேக்காம வர முடியல" என்றாள். அதைச் சொன்ன விதத்தில் அவளுக்கும் அலுப்புத்தான் தெரிந்தது. சோடா வாங்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தோம்.

அந்த வாரம் முழுக்க நடந்தோம். ஓ.பி. முடியட்டும், மத்தியானம் வா என்பார்கள். மத்தியானம் போனால் டாக்டர் தூங்குகிறார், சாயங்காலம் வா என்பார்கள். சாயங்காலம் போனால் நாளைக்கு. கோயில் வாசலில் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கால் விரல்களைப் பிசைந்துகொள்வோம். கடைசியில் எனக்கு ஒரு ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு வேறு ஒன்றிலுமாக வேலை கிடைத்தது. எனக்கு நூறு, அவளுக்கு நூற்றுப் பத்து. இந்த முறை நான் என் சம்பளத்தைத் தெரிந்துகொண்டது டாக்டரிடம். டாக்டர் சொன்ன கொஞ்ச நேரத்தில் அவளும் என்னிடமிருந்து தெரிந்துகொண்டாள்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். அவளுடைய அய்யா மாட்டுத் தரகர். ஊர் கழுகுமலைப் பக்கம். சந்தையில் மாட்டுக்கு விலை பேசும்போது தரகரும் வாங்குகிறவரும் கையைக் கோத்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். விலை எவ்வளவு என்பது விரலுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கிற மாட்டுக்காரனுக்கே தெரியாது. சின்ன வயசில் அவள் அய்யாவுடன் சந்தைக்குப் போவாளாம். "மாட்டுக்காரன் மூஞ்சியத்தான் நான் பாத்துக்கிட்டு நிப்பேன். அவன் மாடுதான், ஆனா அவன்தான் ஒண்ணும் தெரியாம நிப்பான். எங்கய்யா அப்பிடித்தான் எங்களுக்குச் சோறு போட்டாரு. அதைக் குத்தம் சொல்லல. ஆனா என்னைய வச்சு துண்டுக்குள்ள எவனும் பேச வேண்டாம்" என்றாள்.

நாங்கள் தங்கியிருந்தது ஒரு தறிக்காரர் வீட்டு மாடி அறை. கீழே பவர்லூம் ஓடும். தரை அதிர்ந்துகொண்டே இருக்கும், தண்ணீர்ச் செம்பை வைத்தால் அது மெல்ல நகரும். டூட்டி முடிந்து வந்தால் அவள் பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் கையைக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். கரண்டு போய்த் தறி நின்றால்தான் எழுந்திருப்பாள். "சத்தம் நின்னாத்தான் முழிப்பு வருது" என்பாள். எழுந்ததும் செய்கிற முதல் வேலை யூனிபாரத்தைத் துவைத்து நீலம் போடுவது. அவளிடம் இருந்தது இரண்டே செட்டு. இரண்டும் எப்போதும் அப்போதுதான் வாங்கியது மாதிரி இருக்கும்.

எங்களோடு மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். தென்காசிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அமைதியானவள். இன்னொரு ஆஸ்பத்திரியில் வேலை, எங்களைவிட அனுபவம் கூட. மாசம் பிறந்ததும் அவளுடைய அண்ணன் பஸ்ஸேறி வந்து அவள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போவான். ஒரு தடவை அவன் வந்திருந்தபோது தென்காசிக்காரி காபி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அவன் பேச்சுக்கு ஏதோ கேட்க, இவள் வழக்கம்போலத் தொடங்கினாள்.

"எனக்கு நூத்திப் பத்து. ஒங்க தங்கச்சிக்குத்தான் எங்க எல்லாரையும்விடக் கூட. நூத்தி முப்பது. கைராசிக்காரி."

பெருமையாகத்தான் சொன்னாள். அவன், "நூறு ரூவான்னுல்லா சொன்னா" என்றான். அவ்வளவுதான். தென்காசிக்காரி தூக்குச்சட்டியில் காபியோடு வந்து படியில் நின்றாள். அண்ணன் முகத்தையும் எங்கள் முகத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. காபியை மூன்று டம்ளரில் ஊற்றினாள்.

அண்ணனுக்குச் சீட்டாட்டப் பழக்கம் இருந்தது என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாமல் அவள் மாசம் முப்பது ரூபாயை போஸ்டாபீசில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். தன் கல்யாணத்துக்குத் தன்னைத் தவிர யாரும் சேர்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "நீ கெடுக்கணும்னு சொல்லல. எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாசமே ஆஸ்பத்திரியிலேயே தங்கிக்கொள்கிறேன் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் வந்துபோன மறுநாளே இவள் தென்காசிக்காரியின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுடைய அண்ணன் வந்து கேட்டால் நூறு ரூபாய்தான் தருகிறோம் என்று சொல்லச் சொல்லி அங்கே டாக்டரின் வீட்டம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "ஊரெல்லாம் சம்பளத்தைக் கேட்டுக்கிட்டுத் திரியிற பொண்ணு நீதானே? நீயா வந்து மறைக்கச் சொல்றே?" என்றாராம். அந்த அண்ணன் அதற்குள் வந்து, இனிமேல் சம்பளத்தை என் கையில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "என் சம்பளம்தான் என்னது. அடுத்தவ சம்பளம் அவளது. சொல்லணுமா வேண்டாமாங்கிறது அவ பாடு" என்றாள். அது எனக்குச் சொன்னது இல்லை. அதற்குப் பிறகு அவள் இன்னொருத்தியின் சம்பளத்தை வெளியில் சொல்லி நான் கேட்டதில்லை. தன்னுடையதைச் சொல்லுவாள். பிறகு காத்திருப்பாள்.

அந்தக் காத்திருப்புத்தான் அவளுக்கு வினையாக முடிந்தது.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். வெயிலிலும் நெரிசலிலும் மயங்கி விழுகிறவர்களுக்காக ரத வீதியில் ஒரு முதலுதவிக் கொட்டகை போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு நர்சை அனுப்பினார்கள். அப்படித்தான் நாங்கள் எல்லாரும் முதல்முறையாக ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். அதுவரைக்கும் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெருவில் பார்த்த பழக்கம்தான். எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்துக்கொண்டு, பனையோலை விசிறிகளோடு உட்கார்ந்திருந்தோம்.

அவள் தொடங்கினாள். "எனக்கு நூத்திப் பத்து."

அவ்வளவுதான் சொன்னாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஒரு வயதான அம்மாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படுக்க வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, விசிறிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா கண்ணை விழித்துக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அப்போது விசிறிக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "எனக்கு எழுவத்தஞ்சு."

அங்கேதான் கட்டில்கள் அதிகம், கூட்டம் அதிகம். அவள் அங்கே நாலு வருஷமாக இருந்தாள்.

பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். தொண்ணூறு. நூற்று இருபது. டாக்டருக்குத் தூரத்துச் சொந்தமான ஒருத்தி நூற்று அறுபது என்றாள். சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் ஒரே ஊசியைத்தான் போட்டோம், ஒரே மாதிரிப் பிரசவத்தைத்தான் பார்த்தோம். யாரும் யாரையும் போய்க் கேள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் எழுபத்தைந்துக்காரி அவள் டாக்டரிடம் போய்க் கேட்டாள். அடுத்து இன்னொருத்தி, அடுத்து இன்னொருத்தி.

என் டாக்டர் நான் கேட்காமலேயே பதினைந்து ரூபாய் கூட்டினார். "அந்தப் பொண்ணுகூட ரொம்பப் பழக வேண்டாம்" என்றார். எழுபத்தைந்துக்காரிக்கு நூறு ஆனது. பேச்சைத் தொடங்கிய இவளுக்கு மட்டும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்த வேலைக்கு ஒரு சான்றிதழ் கேட்டாள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை வேலை பார்த்தாள் என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்கள்.

"எழுவத்தஞ்சுக்கு நூறு ஆயிட்டுல்லா" என்றாள் என்னிடம். சந்தோஷமாகச் சொன்னாளா என்று கேட்டால் தெரியாது. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சங்கரன்கோவிலில் அவளுக்கு வேலை இல்லை. நர்ஸ் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த இடத்தில்கூட, இவள் போய் நின்றதும் ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். ராஜபாளையத்துக்குப் போனாள், கோவில்பட்டிக்குப் போனாள், தென்காசிக்கு ரயிலேறிப் போனாள். காலையில் நீலம் போட்ட சேலை, கையில் சான்றிதழ்ப் பை. சாயங்காலம் முழங்கால்வரை புழுதியோடு வருவாள். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லுவாள். "முதல்ல நல்லாத்தான் பேசுதாக. முன்ன எங்க வேலை பாத்தேன்னு கேக்காக. சொன்னதும் ஒரு போன் போட்டுட்டு வாரேன்னு உள்ள போறாக. அம்புட்டுத்தான்."

"முன்ன வேலை பாக்கலன்னு சொல்லேன்" என்றேன்.

"எப்படிச் சொல்ல?" என்றாள். நிஜமாகவே எப்படிச் சொல்வது என்று தெரியாத மாதிரி என்னைப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அய்யாவைச் சந்தையில் ஒரு காளை முட்டித் தள்ளி இடுப்பு எலும்பு முறிந்தது. இனிமேல் சந்தைக்கு நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் இரண்டு நாள் வேலை தேடி வெளியே கிளம்பவில்லை. மூன்றாம் நாள் புளியங்குடிக்கு பஸ்ஸேறினாள்.

புளியங்குடி டாக்டர் வயதானவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பிரசவம் பார்க்கத் தெரிந்த நர்ஸ் அவருக்கு அவசரமாக வேண்டியிருந்தது. இவளைப் பற்றி அவருக்கும் தகவல் வந்திருந்தது. "நீ நல்ல வேலைக்காரி. எனக்குத் தெரியும். ஒன்னோட வாயைப் பத்தியும் தெரியும். கூடவே போட்டுத் தரேன். ஆனா உன் சம்பளம் எனக்கும் உனக்கும்தான் தெரியணும். சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் சம்மதம் என்று சொல்லிவிட்டாள்.

அறையைக் காலி செய்ய வந்தபோது வழக்கமான கேள்வியை இந்த முறை நான்தான் கேட்டேன். "எம்புட்டுக் குடுக்காக?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள்.

லீவு கிடைக்கும்போது புளியங்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பஸ்ஸிலிருந்து இறங்கினாலே எலுமிச்சை வாசனை. அவளிடம் என்னவோ குறைந்திருந்தது. கண்டக்டரிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. காபிக் கடைக்காரரிடம் எதுவும் கேட்கவில்லை. தன்னுடையதைச் சொல்ல முடியாதபோது அடுத்தவரிடம் கேட்பது சரியில்லை என்று நினைத்திருப்பாள். அய்யாவுக்கு மருந்து போகிறதா என்று கேட்டால் போகுது என்பாள். சாப்பாடு எப்படி என்று கேட்டால் நல்லாருக்கு என்பாள்.

அங்கே அவளோடு இன்னொரு நர்ஸ் இருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் இறந்துவிட்டார், ஒரு பெண்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியிலேயே பல வருஷமாக இருந்தாள். இவள் அவளை அக்கா என்று கூப்பிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் சமைப்பார்கள், சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த அக்காதான் இவள் டூட்டியையும் சேர்த்துப் பார்த்தாளாம்.

ஒருநாள் என்னை பஸ் ஏற்றிவிட வந்தவள் ஸ்டாண்டில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். தென்காசி பஸ் போய்விட்டது, என் பஸ் வரவில்லை.

"அக்கா அவுக சம்பளத்தச் சொன்னாக" என்றாள். "நான் கேக்கல. சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போது அவுகளா, எனக்கு நூத்தி முப்பது, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வச்சா ஒண்ணும் மிஞ்சலன்னாக. ஏட்டி, ஒனக்கு எம்புட்டுன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"கூடக்குறைய அப்பிடித்தான்க்கான்னு சொன்னேன்."

பஸ் ஸ்டாண்டுச் சத்தத்தில் அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து கேட்டேன்.

"எனக்கு எரநூறு குடுக்காரு" என்றாள். அழவில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவளின் முகம், அவ்வளவுதான். "பொய் சொல்லிட்டேன், கேட்டியா. அவுக எம் பக்கத்துல உக்காந்து எந் தட்டுல ரசம் ஊத்துதாக. நான் பொய் சொல்லுதேன். எனக்குச் சோறு எறங்கல."

வாக்கை மீறி என்னிடம் சொல்லிவிட்டதைக்கூட அவள் அப்போது கவனித்த மாதிரி தெரியவில்லை. என் பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாசம் அவள் டாக்டரிடம் போய் நின்றிருக்கிறாள். "ஒண்ணு, அந்த அக்காவுக்கும் எனக்குத் தாரதைக் குடுங்க. இல்லன்னா எனக்குக் குறைச்சுக்கோங்க. ரெண்டும் முடியாதுன்னா நான் குடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கிடுதேன், என்னைப் போகச் சொல்லிருங்க" என்று சொன்னாளாம். கூட்டிக் கேட்டு வருகிறவர்களை டாக்டர் நிறையப் பார்த்திருப்பார். குறைக்கச் சொல்லி வந்தவளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். கடைசியில், "ரெண்டு பேருக்கும் நூத்தி அறுபது. இதோட விடு. இனிமே சம்பளம்னு சொல்லிக்கிட்டு எவளும் இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது" என்றாராம்.

அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, பத்து ரூபாய் மிச்சம்தான். அவளுக்கு மாசம் நாற்பது ரூபாய் போனது. அய்யாவுக்கு மருந்து வாங்கிய இடத்தில் பாதிதான் வாங்க முடிந்தது. வீட்டில் அம்மா திட்டினாள். ஊரில் யாராவது கூடக் கொடுக்கிற சம்பளத்தை வேண்டாம் என்பார்களா என்று மாமாமார்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த அக்கா சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தேன். முப்பது ரூபாய் கூடியிருந்தது. ஆனால் இவள் போய், அன்றைக்கு நான் சொன்னது பொய், எனக்கு இருநூறு வந்துகொண்டிருந்தது என்று சொன்னதும் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். இத்தனை நாள் என் முன்னால் உட்கார்ந்து தின்றுகொண்டே என்னை ஏமாற்றினாயே என்பதுதான் அவளுக்கு. இரண்டு அடுப்பாயிற்று. டூட்டி மாறும்போது நோயாளிக்கு என்ன மருந்து, எப்போது ஊசி என்பதைத் தவிர இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுக் கிடையாது.

எனக்கு சர்க்கார் வேலை முதலில் வந்தது. ராமநாதபுரம் பக்கம் போட்டிருந்தார்கள். அவளுக்கும் பிற்பாடு வந்தது. வடக்கே எங்கேயோ போனாள், கடிதங்கள் கொஞ்ச காலம் வந்தன, பிறகு நின்றுபோயின. சர்க்கார் சம்பளம் எல்லாருக்கும் தெரிந்த சம்பளம். அவளுக்கு அது எப்படி இருந்தது என்று கேட்டுக்கொள்ளும் சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கவில்லை.

ராமநாதபுரத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் புளியங்குடிக்குக் கடைசியாகப் போனேன். மத்தியானம். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். என் உத்தரவைப் பற்றிச் சொன்னேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பஞ்சப்படி எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். நானும் எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லாருக்கு" என்றாள். "எனக்கு இங்கன நூத்தி அறுவது." மருந்து அறையிலிருந்து கம்பவுண்டர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள்.

"நாப்பது ரூவா போச்சேன்னு வருத்தமா இல்லையா?"

"இருக்கு. ஏன் இல்லாம? மாசம் பொறந்ததும் மருந்துக் கடைக்குப் போகும்போதெல்லாம் இருக்கு." துவைகல்மேல் உட்கார்ந்தாள். கால் வீங்கியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டாள், நோயாளியின் காலைப் பார்க்கிற மாதிரி. "அசதியா இருக்கு. ஒன் பஸ்ஸுக்கு நேரமிருக்கில்லா? செத்த நேரம் உக்காரு."

உட்கார்ந்தேன். காயப் போட்ட சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது சமையல் அறைக் கதவு திறந்தது. அந்த அக்கா வாசலில் வந்து நின்றாள். எங்களைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஏட்டி, சோறு ஆறுது. அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இவள் உடனே எழுந்திருக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"இன்னைக்குத்தான் பேசுதாக" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு முன்னால் நடந்தாள்.